தீர்மானத்தை மீறிய வக்காலத்து

போன வாரம் கோர்ட் நூலக அறையில் இளம் வக்கீல்களான உங்களில் ஒருவர் என்னிடம் வந்து, "மேடம், அந்த நிரபராதியைக் காப்பாத்தினவங்க நீங்கதானாமே?" என்று கேட்டார். இல்லை என்றேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அடக்கம் என்ற குணம் ஒருநாளும் இருந்ததில்லை. என்னோடு வேலை பார்த்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நீங்கள் சொல்லிக்கொண்டு திரிகிற கதை தப்பு. வக்கீல் கோட்டைக் கழற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதைச் சரிசெய்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்தப் பத்து வருடங்களின் கடைசிப் பகுதியில் நடந்தது. எந்தக் கோர்ட் என்று சொல்லமாட்டேன். தாம்பரத்தைச் சுற்றியுள்ள புறநகர்க் கோர்ட்டுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மேடவாக்கத்தில் அப்போது மாதத்துக்கு ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஓ.எம்.ஆர். சாலை ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குடிவந்துகொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வீடு இன்டர்நெட் வராத காலம், அதனால் தெருவுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. அன்வர் நடத்தியதும் அப்படி ஒன்றுதான். எட்டு கம்ப்யூட்டர், நடுவில் பிளைவுட் தடுப்பு, சத்தம் போடும் ஒரு ஏசி. விசா விண்ணப்பத்தைத் தப்பில்லாமல் நிரப்பித் தருவான் என்று அவனுக்கு அந்த வட்டாரத்தில் நல்ல பெயர்.

வடக்கே ஒரு நகரத்தில் குண்டு வெடித்து ஆட்கள் செத்திருந்த நேரம். அதற்குச் சில நாட்கள் கழித்து, சென்னையில் இருந்த ஒரு வெளிநாட்டுத் தூதரக அலுவலகத்துக்கு 'அடுத்தது நீங்கள்' என்று ஒரு ஈமெயில் வந்தது. விசா வேலையை அவர்கள் நிறுத்திவிட்டார்கள். அந்த நாட்டிலிருந்து தில்லியைக் கேட்டார்கள், தில்லி சென்னையைக் கேட்டது, சென்னை அன்வரைப் பிடித்தது. மிரட்டல் அவன் கடைக் கம்ப்யூட்டரிலிருந்துதான் போயிருக்கிறது என்றார்கள். பத்திரிகையில் அவன் படம் வந்தது. அவனிடம் விசா விண்ணப்பம் நிரப்பிய பிள்ளைகளே கடையின் ஷட்டர்மேல் கல் எறிந்தார்கள். அவர்களுடைய விசாவும்தானே நின்றுபோயிருந்தது.

மாஜிஸ்திரேட் அவனைச் சிறைக்கு அனுப்பிய மறுநாள் எங்கள் வழக்கறிஞர் சங்கம் கூடியது. இந்த ஆளுக்கு நம்மில் யாரும் வக்காலத்துப் போடக் கூடாது என்று செயலாளர் தீர்மானம் கொண்டுவந்தார். ஆதரிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார். நானும் தூக்கினேன்.

இதை நீங்கள் சொல்லும் கதையில் விட்டுவிடுகிறீர்கள். நான் தூக்கினேன். யாரும் என் கையைப் பிடித்துத் தூக்கவில்லை. செத்தவர்களின் படங்களைக் காலையில்தான் டிவியில் பார்த்திருந்தேன். ஒரு குழந்தையின் செருப்பு தெருவில் கிடந்தது. கோபத்தில் இருந்தேன். பக்கத்தில் எல்லோரும் தூக்கினார்கள், என் கையும் மேலே போயிற்று. இருபத்தைந்து வருடம் வக்கீலாக இருந்தவள் நான். ஐந்து நிமிடத்தில் முடிந்த கூட்டம் அது. அப்புறம் டீ குடித்தோம்.

வியாழக்கிழமை காலை என் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தாள். செலையூரில் என் வீட்டு முன்னறைதான் அலுவலகம். முப்பது வயது இருக்கும். கையில் சிறையிலிருந்து கையெழுத்து வாங்கிய வக்காலத்துப் படிவம், கசங்கிப் போயிருந்தது. அன்வரின் அக்கா, பெயர் ஷாஹிதா, மாடம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் என்று சொன்னாள்.

"நீங்க பன்னெண்டாவது வக்கீல் மேடம்" என்றாள். "பதினோரு பேர் மாட்டேன்னுட்டாங்க. அவனை ஜெயில்லேர்ந்து எடுத்து விசாரிக்கப் போலீஸ் கஸ்டடி கேட்டு நாளைக்கு மனு வருது. அங்க அவன் பக்கத்துல நிக்க ஒரு ஆள் வேணும்."

சங்கத்தின் தீர்மானத்தைச் சொன்னேன். அது எல்லோரையும் கட்டுப்படுத்தும் என்றேன். சொல்லும்போதே அது பொய் என்று எனக்குத் தெரியும். எந்தச் சங்கமும் ஒரு வக்கீலை அப்படிக் கட்டிப்போட முடியாது.

அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை. "நான் ஒன்பதாம் கிளாஸுக்கு சிவிக்ஸ் எடுக்கறேன் மேடம். கைது பண்ணவனுக்கு, தனக்குப் பிடிச்ச வக்கீலை வெச்சுக்கற உரிமை உண்டுன்னு புக்ல இருக்கு. அடுத்த வாரம் அந்தப் பாடம். புள்ளைங்க கேப்பாங்க, அவங்களுக்கு என் தம்பி விஷயம் தெரியும். நான் என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிடுங்க. போயிடறேன்."

அரசியல் சட்டத்தின் இருபத்திரண்டாவது பிரிவு அது. நான் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது, ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது. படிவத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போங்கள் என்றேன்.

என் கணவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், அதிகம் பேசமாட்டார். மத்தியானம் சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். "பயமா இருக்கா?" என்று கேட்டார். "இருக்கு" என்றேன். "போகாம இருந்தா பயம் போயிடுமா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். போய்விடும், ஆனால் அதன் இடத்தில் வெட்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அது ஒருநாளும் போகாது. அன்றைக்குச் சர்ச்சில் மாலை ஜெபக்கூட்டம் இருந்தது, நான் போகவில்லை. ஷாஹிதாவுக்குப் போன் செய்து, நாளைக் காலை பத்து மணிக்குக் கோர்ட்டுக்கு வரச் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை கோர்ட்டுக்குப் போனபோது என் குமாஸ்தா ஏழுமலை வாசலுக்கு முன்னாலேயே சாலையில் நின்று ஆட்டோவை மறித்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கோர்ட்டின் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

"மேடம், வூட்டுக்குத் திரும்பிடுங்கோ. கேட்டாண்ட இருவது பேரு நின்னுகினு கீறாங்கோ. நீங்க அந்தக் கேஸு எடுத்தது தெரிஞ்சு பூட்ச்சு. பேஜாராயிடும்."

"யார் சொன்னாங்க?"

"யாரு சொன்னா இன்னா மேடம், தெரிஞ்சு பூட்ச்சு. ஒடம்பு சரியில்லன்னு மனு குடுத்துடறேன். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

"அடுத்த வாரம் அந்தப் பையன் போலீஸ் கஸ்டடியில இருப்பான் ஏழுமலை."

அவர் என் கேஸ் கட்டுகளை வாங்கித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த மனிதரைப் பற்றி யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். அவருக்கு இந்த வழக்கு பிடிக்கவில்லை, கடைசிவரை பிடிக்கவில்லை. ஆனால் எனக்கு முன்னால் நடந்தார்.

செயலாளர் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். நல்ல வக்கீல், என் மகள் கல்யாணத்தில் பந்தி விசாரித்தவர். என்னை எப்போதும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அக்கா, நீங்க கை தூக்கினீங்க. நான் பாத்தேன்."

"தூக்கினேன். தப்பு பண்ணேன். இப்போ எறக்கிட்டேன்."

"செத்தவங்களுக்கு யாருக்கா வக்கீல்?"

"அரசாங்கம். போலீஸ். மொத்த நாடும். அவங்க பக்கம் அத்தனை பேர் இருக்காங்க. இவன் பக்கம் ஒருத்தர் நிக்கறதுக்கே இப்படியா?"

அவருக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்து என்னிடமிருந்த வக்காலத்தைப் பிடுங்கியது. நான்காகக் கிழித்துப் போட்டார்கள். என் கோட்டுத் தோள்பட்டையில் தையல் விட்டுப்போயிற்று. செயலாளர் அதைப் பார்த்தார், அவருக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒன்றும் பேசவில்லை. கூட்டத்தில் நல்லவர்கள் அப்படித்தான் நின்றுவிடுகிறார்கள். மூன்று நாளுக்கு முன்னால் நானும் அப்படித்தானே இருந்தேன்.

அதற்குள் கூண்டில் அன்வரை ஏற்றிவிட்டார்கள் என்று ஏழுமலை வந்து சொன்னார். வேறு படிவத்தில் அவனிடம் கையெழுத்து வாங்க நேரமில்லை. வக்காலத்து இல்லாமல் ஒரு வக்கீல் எழுந்து நின்றால், நீங்கள் யார் என்று கேட்டு உட்காரவைத்துவிடலாம். உள்ளே போகும் அந்தப் பத்தடி தூரத்தில் என்ன செய்வதென்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. நான் இந்த வழக்கில் ஆஜராகிறேன் என்று சொல்லக் கூடாது, கேள்வியை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

மாஜிஸ்திரேட் வயதில் சின்னவர், அந்தக் கோர்ட்டுக்கு மாற்றலாகி வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. மனுவைக் கையில் எடுத்தவுடன் எழுந்தேன்.

"ஐயா, எனக்கு வக்காலத்து இல்லை. இருந்ததை வெளியே கிழித்துவிட்டார்கள். அதைப் பற்றி நான் இப்போது புகார் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். கூண்டில் நிற்பவரிடம், உனக்கு வக்கீல் வேண்டுமா, யார் வேண்டும் என்று நீங்கள் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் நான் போய்விடுகிறேன்."

பின்னால் சத்தம் கிளம்பியது. மாஜிஸ்திரேட் பேனாவை மூடி வைத்தார். எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்தார். பிறகு கூண்டைப் பார்த்துக் கேட்டார்: "உனக்கு வக்கீல் வேணுமாப்பா?"

அன்வருக்கு என்னைத் தெரியாது. நாங்கள் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. அவன் கண் கூட்டத்தில் அலைந்து, கதவோரம் நின்ற அக்காவிடம் போய் நின்றது. ஷாஹிதா தலையசைத்தாள்.

"வேணுங்க ஐயா. அந்த மேடம்."

மேஜை ஓரத்திலேயே ஒரு வெள்ளைத் தாளில் ஏழுமலை எழுத, அவன் கையெழுத்துப் போட்டான். அவன் விரல்கள் வீங்கியிருந்தன. எதனால் என்று அப்போது நான் கேட்கவில்லை. போலீஸ் அடித்ததா என்று கேட்க வேறு ஒரு நாள் வந்தது.

அரசுத் தரப்பு வக்கீல் நன்றாகத்தான் பேசினார். இது சாதாரண வழக்கு அல்ல, இரண்டு நாடுகளுக்கு இடையிலான உறவு சம்பந்தப்பட்டது, உலகம் முழுக்கப் பயங்கரவாதத்தை எதிர்த்துக்கொண்டிருக்கும்போது நாம் நுணுக்கங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் வெளிநாட்டவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று கேட்டார்.

"நாளைக்கு அந்த நாட்டுக்காரர்களே, இவன்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்பார்கள்" என்றேன். "அவனுக்காகப் பேச யாரையும் விடவில்லை, அதனால் சுலபமாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்வோமா?"

அப்புறம் மனுவோடு வைத்திருந்த தாள்களைப் புரட்டினேன். அந்த ஈமெயிலின் நகல் அதில் இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கனடாவில் இருக்கும் தங்கைக்குக்கூட வேறு யாரையாவது தட்டச்சு செய்யச் சொல்லித்தான் மெயில் அனுப்புவேன். ஆனால் பத்து நாற்பது என்று நேரம் போட்டு, அதற்குப் பக்கத்தில் ஒரு கூட்டல் குறியும் நான்கு பூஜ்யமும் இருந்தன. என்னவென்று புரியவில்லை. புரியாததைக் கேட்டேன்.

"இந்த நாலு பூஜ்யம் என்ன?"

இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். "அது கம்ப்யூட்டர் தானா போடற நம்பருங்க."

"எதுக்குப் போடுது?"

"அது... எல்லா மெயில்லயும் வரும்ங்க."

மாஜிஸ்திரேட் தாளை வாங்கிப் பார்த்தார். "எனக்கும் தெரியலை" என்றார். மேடையில் உட்கார்ந்து அந்த வார்த்தையைச் சொல்வதற்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று, நீங்கள் ஒருநாள் நீதிபதியானால் புரிந்துகொள்வீர்கள். "இது என்னன்னு அந்த மெயில் கம்பெனிக்காரங்க கிட்ட எழுத்துல வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கஸ்டடி இல்லை. திங்கட்கிழமை."

சனி, ஞாயிறு எப்படிப் போயின என்று கேட்காதீர்கள். சர்ச்சில் என் வரிசையில் உட்கார்ந்தவர்கள் பாட்டுப் புத்தகத்தைத் தாண்டி என்னைப் பார்க்கவில்லை. என்னிடம் வழக்குக் கொடுத்திருந்த இரண்டு கட்சிக்காரர்கள் வீட்டுக்கு வந்து கேஸ் கட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள்.

திங்கட்கிழமை பதில் வந்தது. அந்த நான்கு பூஜ்யத்துக்கு அர்த்தம், அது லண்டன் பக்கத்து நேரம் என்பது. நம் ஊரில் அப்போது மாலை நாலு பத்து. போலீஸ் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொண்டு, மெயில் போன இன்டர்நெட் இணைப்பின் எண் காலை பத்து நாற்பதுக்கு யாரிடம் இருந்தது என்று தேடியிருக்கிறது. இணைப்பு எண் ஒருவரிடமே நிற்காதாம், மணிக்கு மணி கைமாறுமாம். காலையில் அன்வர் கடையில் இருந்தது, மாலையில் வேறு ஊரில் வேறு யாரிடமோ இருந்திருக்கிறது. உண்மையில் யார் அனுப்பினார்கள் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அன்வருக்கு ஜாமீன் கிடைத்தது. பிறகு வழக்கிலிருந்தே பெயரை எடுத்தார்கள். சங்கம் எனக்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. பையன் நிரபராதி என்று தெரிந்த பிறகு அனுப்பிய நோட்டீஸ் அது. வருத்தம் தெரிவித்தால் முடித்துக்கொள்ளலாம் என்று செயலாளரே வீட்டுக்கு வந்து சொன்னார்.

"அவன் நிரபராதின்னு ஆயிடுச்சேக்கா. அதைக் காரணமா எழுதுங்க. அவன் மேல எனக்கு நம்பிக்கை இருந்தது, அதனால போனேன்னு எழுதுங்க. எல்லாரும் ஒத்துப்பாங்க."

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அதை எழுதினால், அடுத்த முறை நம்பிக்கை வராத ஒருவன் கூண்டில் நிற்கும்போது யாரும் போக வேண்டாம் என்று நானே எழுதிக் கொடுத்தது போலாகும். 'கைதானவர் கேட்டார், நான் போனேன். வருத்தம் இல்லை' என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஒரு வருடம் சங்கத்திலிருந்து நீக்கிவைத்தார்கள். அந்த வருடம் முழுக்கச் சங்க அறைக்குள் போக முடியாமல், கோர்ட் வளாகத்தில் ஏழுமலையின் பெஞ்சில் உட்கார்ந்துதான் கட்சிக்காரர்களைப் பார்த்தேன். மழை வந்தால் ஜெராக்ஸ் கடை.

இப்போது உங்கள் மேஜைக்கு வரும் கட்டுகளைப் பார்க்கிறேன். எல்லை தாண்டிய சதி, தேசப் பாதுகாப்பு, நட்பு நாடுகளுடனான உறவு என்று பெரிய பெரிய வார்த்தைகள். ஆதாரத்தை மூடிய உறையில் வைத்து நீதிபதிக்கு மட்டும் காட்டுகிறோம் என்கிறார்கள். அந்த வார்த்தைகள் பொய் என்று நான் சொல்லவில்லை. குண்டுகள் நிஜம்தான், அந்தக் குழந்தையின் செருப்பும் நிஜம்தான். ஆனால் வார்த்தை எவ்வளவு பெரிதானாலும், 'அந்த நாலு பூஜ்யம் என்ன' என்று கேட்க ஒரு ஆளை உள்ளே விட்டாக வேண்டும். விடமாட்டோம் என்றால் முட்டித் தள்ளிக்கொண்டு போங்கள்.

அன்வர் வெளியே வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஷாஹிதா என்னைத் தங்கள் வீட்டுக்கு அழைத்தாள். பள்ளிக்கரணையில், சதுப்பு நிலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு மாடி போர்ஷன். சேமியா பாயசமும் டீயும் கொடுத்தார்கள். அன்வர் மெலிந்திருந்தான். கடையை மூடிவிட்டதாகச் சொன்னான். பிறகு கேட்டான்:

"மேடம், நான் செய்யலன்னு உங்களுக்கு மொதல்லயே தோணிச்சு இல்ல?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவன் காத்திருந்தான் என்று எனக்குப் புரிந்தது.

"தோணல அன்வர். செஞ்சியா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"தெரியாமயா வந்தீங்க?"

"தெரியாமத்தான் வந்தேன்."

"அப்ப நான் செஞ்சிருந்தாலும் வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பேன்."

அவன் முகம் மாறிவிட்டது. "அப்ப குண்டு வெச்சவனும் நானும் உங்களுக்கு ஒண்ணுதானா?"

"தண்டனையில ஒண்ணு இல்ல. பக்கத்துல ஒரு வக்கீல் நிக்கணும்ங்கறதுல ஒண்ணுதான்."

எழுந்து உள்ளே போய்விட்டான். டீ அப்படியே இருந்தது. ஷாஹிதா என்னோடு பஸ் ஸ்டாப்வரை நடந்து வந்தாள். பஸ் வரும்போது, "அவன் ஜெயில்ல இருந்து வந்திருக்கான் மேடம். கொஞ்சம் வேற மாதிரி சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"சொல்லியிருக்கலாம்" என்றேன். அவள் சொன்னதில் தப்பில்லை.

ஒவ்வொரு ரம்ஜானுக்கும் ஷாஹிதா பிரியாணி கொண்டுவந்து கொடுப்பாள். அன்வர் வந்ததில்லை. அவன் கோபம் போயிற்றா என்று நான் கேட்டதும் இல்லை. அவனுக்கு நான் அன்று கொடுத்தது ஆறுதல் அல்ல என்று எனக்குத் தெரியும். அதற்காக வருந்திய இரவுகள் உண்டு. ஆனாலும் நாளைக்கே அவன் வந்து அதே கேள்வியைக் கேட்டால், என் பதில் அதேதான்.